தினமும் கேஸ் மாத்திரையா, வேறு வழியா? நாள்பட்ட நெஞ்செரிச்சலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

"மூணு வருஷமா தினம் காலையில பான் 40 போடுறேன், நிறுத்தினா ரெண்டே நாள்ல நெஞ்சு பத்திக்கிட்டு எரியுது, தொடர்ந்து போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்க, என்னதான் செய்யறது?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் மாத்திரையை விட முடியாமல் தவிக்கிறார், இன்னொருவர் மாத்திரைக்குப் பயந்துகொண்டு தினமும் ஈனோவைக் கரைத்துக் குடிக்கிறார், மூன்றாமவர் ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாக முடிந்துவிடுமா என்று கேட்கிறார். நான் டாக்டர் இல்லை. ஏழு வருடமாக இந்த எரிச்சலோடு வாழ்கிறேன், அதில் நாலு வருடம் மாத்திரையைத் தவறான முறையில் போட்டேன், அப்புறம் ஒரு நல்ல குடல் மருத்துவர் பொறுமையாக உட்கார வைத்து விளக்கிய பிறகுதான் எது எதற்கு என்று பிடிபட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, இதெல்லாம் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சாப் போயிடும்" என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே மாரடைப்பில் காப்பாற்ற வேண்டிய நேரம் கைநழுவிப் போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் வயிற்றுப் பொருமல் மாதிரியேகூட வரலாம். ஒரு இசிஜி எடுத்துப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

அதே மாதிரி, விழுங்கும்போது சாப்பாடு மாட்டிக்கொள்வது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போவது, வாந்தியில் ரத்தம், ரத்தசோகை, அல்லது ஐம்பது அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக இந்தத் தொல்லை தொடங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த மாத்திரை நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, எண்டோஸ்கோபி பார்க்க வேண்டும்.

## ஆசிட் அதிகமாகச் சுரக்கிறதா?

"எனக்கு அசிடிட்டி" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஆசிட் சாதாரண அளவில்தான் சுரக்கிறது, அது இருக்கக் கூடாத இடத்துக்கு வருவதுதான் பிரச்சினை. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. அது அவ்வப்போது தேவையில்லாமல் தளர்ந்து திறக்கும்போதோ, இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறி நிற்கும்போதோ (இதைத்தான் ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள்), வயிற்றில் இருப்பது எதுக்களித்து மேலே வருகிறது. இரைப்பைச் சுவருக்கு ஆசிடைத் தாங்கும் பாதுகாப்பு உண்டு, உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கிடையாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை மேலே வரும் திரவத்தின் புளிப்பைக் குறைக்கின்றன, வருவதை நிறுத்துவதில்லை. மாத்திரை போட்டும் தொண்டைக்கு ஏதோ ஏறுகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் கேட்கும், எவ்வளவு நேரம் நிற்கும்? உணவுக்குழாயில் புண் இருந்தால் ஆற்றுமா? எதுக்களிப்பையே குறைக்குமா, எரிச்சலை மட்டும் அடக்குமா? பில்லில் தெரியாத செலவு என்ன? ஏற்கெனவே போடுகிற மற்ற மாத்திரைகளோடு மோதுமா? இவற்றோடு, உங்களுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, பகலிலா ராத்திரியிலா என்பதை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருபவருக்கும் வாரம் நாலு ராத்திரி தூக்கத்தில் எழுந்து உட்காருபவருக்கும் ஒரே பதில் கிடையாது.

| வழி | கேட்கும் வேகம் | நிற்கும் நேரம் | புண் ஆற்றுமா | எதுக்களிப்பு குறையுமா | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| ஜெலுசில், டைஜீன், ஈனோ | சில நிமிடம் | வெறும் வயிற்றில் ஒரு மணி நேரத்துக்குள், சாப்பிட்ட பின் 2, 3 மணி | இல்லை | இல்லை | மலச்சிக்கல் அல்லது பேதி, ஈனோவில் சோடியம் |
| ஃபாமோடிடின் | சுமார் ஒரு மணி | 10 முதல் 12 மணி | லேசான புண் மட்டும் | இல்லை | தினமும் போட்டால் பலன் குறைகிறது |
| பான்டோபிரசோல் (பான் 40) குடும்பம் | முழுப் பலனுக்குச் சில நாள் | ஒரு நாள் | நன்றாக ஆற்றும் | இல்லை | நிறுத்தும்போது திருப்பி அடிக்கும், நீண்ட காலத்தில் பி12, மெக்னீசியம் |
| சாப்பாட்டு நேரம், படுக்கை, எடை | நாட்கள் முதல் மாதங்கள் | கடைப்பிடிக்கும் வரை | தனியாகப் போதாது | ஆம் | வீட்டின் நேர ஒழுங்கையே மாற்ற வேண்டும் |
| அறுவை சிகிச்சை | உடனே | பல வருடம், எல்லோருக்கும் இல்லை | ஆம் | ஆம் | ஏப்பம் விட முடியாமை, விழுங்கச் சிரமம், பணம் |

## ஜெலுசில், டைஜீன், ஈனோ

இவை ஏற்கெனவே இருக்கும் ஆசிடோடு வினைபுரிந்து அதை நடுநிலையாக்குகின்றன, அவ்வளவுதான். வேகத்தில் இவற்றை எதுவும் மிஞ்சாது. ஜெலுசில் மாதிரியான மருந்துகளில் அலுமினியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு: அலுமினியம் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் இளக்கும், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யட்டும் என்று. ஆனாலும் தினமும் குடித்தால் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு உப்புகளும் உடம்பில் தங்கிவிடும், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஈனோ என்பது சோடா உப்பும் சிட்ரிக் ஆசிடும். ஒரு பாக்கெட்டில் முக்கால் கிராமுக்கும் மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க 2 கிராமுக்கு மேல் சோடியம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அப்படியிருக்க ரத்த அழுத்த மாத்திரை போடுகிற அப்பா தினமும் இரண்டு பாக்கெட் ஈனோ குடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளும் சோடா உப்பு வகையைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகள் உடம்பில் சேராமல் இவை தடுத்துவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத ஒன்று ஆல்ஜினேட், கேவிஸ்கான் என்று கிடைக்கிறது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள் வயிற்றுத் திரவத்தின் மேல் நுரைத் தெப்பம் மாதிரி மிதந்து மேலே வருவதை ஓரளவு தடுக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகும் படுக்கப் போகும் முன்பும் குடிக்க வேண்டும். எனக்கு ஜெலுசிலைவிட இது பிடித்தது.

யாருக்கு ஏற்றது: வாரம் ஒருமுறைக்குக் குறைவாக, அதுவும் காரணம் தெரிந்து வருபவர்களுக்கு. இதையே வாரத்தில் மூன்று நான்கு நாள் எடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் தவறான வழியில் நிற்கிறீர்கள்.

## ஃபாமோடிடின்

ரான்டாக், அசிலாக் என்று நம் வீட்டு டப்பாக்களில் இருந்த ரானிடிடினை நினைவிருக்கும். என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு அதில் உருவாவதால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-ல் நீக்கப்பட்டது. அதே குடும்பத்தில் அந்தக் குறை இல்லாதது ஃபாமோடிடின்.

இதன் பலம் ராத்திரியில்தான். பகலில் சரியாக இருந்து படுத்த பிறகு மட்டும் எரிகிறவர்களுக்கு ராத்திரி ஒரு மாத்திரை நன்றாகக் கேட்கும். பலவீனம், ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிக்கொண்டு பலன் மங்கிவிடுகிறது. அதனால் தேவைப்படும் அன்று மட்டும் போடுவதுதான் சரி. பான்டோபிரசோலை விட நினைப்பவர்களுக்கு இது நல்ல ஊன்றுகோல், அதைக் கீழே சொல்கிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவு குறைக்க வேண்டும்.

## பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ரேபிபிரசோல்

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இவை ஆசிடைச் சுரக்கும் பம்ப்பையே அணைக்கின்றன. உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றுவதில் கடையில் கிடைக்கும் பழைய மருந்துகளில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வேலை செய்துகொண்டிருக்கும் பம்ப்பைத்தான் இது பிடிக்கும். பம்ப்புகள் சாப்பிடும்போதுதான் மொத்தமாக விழித்துக்கொள்கின்றன. எனவே சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். நான் நாலு வருடம் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் காபி, பத்து மணிக்கு டிபன், அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரை கேட்கவில்லை என்று 20-லிருந்து 40-க்கு ஏற்றினார்கள், அப்புறம் இரண்டு வேளை ஆனது. நேரத்தை மட்டும் மாற்றியதும் ஒரு வேளை போதுமானதாகிவிட்டது. எரியும்போது ஒன்று போடுவதற்கான மாத்திரையும் இது இல்லை, முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும்.

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது எட்டு வாரம், தினமும் ஒரு வேளை, அப்புறம் நிறுத்திப் பார்ப்பது. நம் ஊரில் இந்தக் கடைசிப் பகுதிதான் நடப்பதே இல்லை. மூட்டு வலிக்கோ காய்ச்சலுக்கோ போகும்போது மற்ற மாத்திரைகளோடு ஒரு கேஸ் மாத்திரையும் எழுதுகிறார்கள், பத்து நாளில் மற்றவை நின்றுவிடுகின்றன, இது மட்டும் வருடக்கணக்கில் ஓடுகிறது.

சரி, நிறுத்தினால் ஏன் பற்றி எரிகிறது? 2009-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 ஆரோக்கியமானவர்களில் ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். அடுத்த வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சலோ எதுக்களிப்போ அஜீரணமோ வந்தது. தொடக்கத்திலிருந்தே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்தான். ஆசிடை அடக்கி வைத்த காலத்தில் உடம்பு சுரப்பைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது, அணை திறந்ததும் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கிறது. ஆகவே நிறுத்திய மறுநாள் எரிந்தால் நோய் திரும்பிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை: 40-ஐ 20 ஆக்கி இரண்டு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் ஆல்ஜினேட் அல்லது ஃபாமோடிடின். முதல் முயற்சியில் ஆறாம் நாளே தோற்றேன், ஏனென்றால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் மாத்திரையை மட்டும் குறைத்தேன்.

பயமுறுத்தும் செய்திகள் பற்றி. பல வருடம் போடுபவர்களுக்கு பி12 குறைவதும், சிலருக்கு மெக்னீசியம் குறைவதும், குடல் தொற்று கொஞ்சம் அதிகமாவதும் நம்பத் தகுந்தவை. பி12 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மெட்ஃபார்மின் போடுகிற சர்க்கரை நோயாளி என்றால் கட்டாயம், ஏனென்றால் அதுவும் பி12-ஐக் குறைக்கும். சிறுநீரகம், எலும்பு முறிவு, மறதி நோய் பற்றிய செய்திகள் பெரும்பாலும், மாத்திரை போடுகிறவர்களிடம் இவை அதிகம் காணப்பட்டன என்ற வகை ஆய்வுகள். ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்கள்தான் இந்த மாத்திரையையும் அதிகம் போடுகிறார்கள் என்பதால் இதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தேவையிருந்தால் பயப்படாமல் போடுங்கள், தேவை இருக்கிறதா என்று வருடம் ஒருமுறையாவது கேளுங்கள்.

பெயருக்குப் பின்னால் "டி" இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அது டோம்பெரிடோன். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீட்டாமல் கொடுக்கச் சொன்னது. இங்கே அது பான்டோபிரசோலோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து வருகிறது, மக்கள் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். "டி" இல்லாத சாதாரண மாத்திரை எனக்குப் போதுமா என்று மருத்துவரிடம் கேட்பதற்கு நிமிடம்கூட ஆகாது, தயவுசெய்து கேளுங்கள்.

செலவு என்று பார்த்தால் பிராண்டு மாத்திரைக்கும் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மாதிரிக் கடைகளில் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வோனோபிரசான் என்ற புதிய வகை இப்போது இங்கேயும் வந்திருக்கிறது, சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டியதில்லை, வேகமாகக் கேட்கும், ஆனால் சாதாரண மாத்திரை சரியான நேரத்தில் போட்டும் கேட்காதவர்களுக்கே அதை யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

யாருக்கு ஏற்றது: வாரம் இரண்டு நாளுக்கு மேல் வருபவர்கள், எண்டோஸ்கோபியில் புண் தெரிந்தவர்கள். கடுமையான புண்ணோ, பாரெட் எனப்படும் உணவுக்குழாய்த் திசு மாற்றமோ இருப்பவர்கள் நிறுத்தவே கூடாது.

## சாப்பாட்டு நேரம், படுக்கை, எடை

மாத்திரை இல்லாமல் எதுக்களிப்பையே குறைக்கும் வழி இது. பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடிப்பது என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்பதரைக்கு பரோட்டா சால்னா, பத்தே காலுக்குப் படுக்கை என்றால் நிரம்பிய பானையைச் சாய்த்து வைத்த மாதிரிதான். எண்ணெய்ப் பதார்த்தம் வயிற்றில் அதிக நேரம் தங்குகிறது. வேலை முடிந்து வீடு வரவே ஒன்பது ஆகிறவர்கள் ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வீட்டில் மோர் மட்டும் குடிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் ராத்திரி, அதை விட்டுக்கொடுப்பது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. இதுவும் ஒரு செலவுதான்.

அடுத்தது கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறிலிருந்து எட்டு அங்குலம் மரக்கட்டையோ செங்கல்லோ வைப்பது. தலையணையை அடுக்கினால் பலன் இல்லை, உடம்பு இடுப்பில் மடங்கி வயிறு அழுந்தும். பாயில் படுப்பவர்களுக்குச் சாய்வான ஃபோம் கிடைக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தொங்குகிறது, வலது பக்கம் படுத்தால் நேர்மாறு.

எடை விஷயத்தில் தொந்தி இருந்தால்தான் பிரச்சினை என்றில்லை. அமெரிக்கச் செவிலியர்களை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 3.5 புள்ளிக்கு மேல் கூடிய பெண்களுக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பு, எடை மாறாதவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. ஐந்தே கால் அடி உயரத்துக்கு அது சுமார் 9 கிலோ. இறுக்கக் கட்டிய பாவாடை நாடாவும் பெல்ட்டும்கூட வயிற்றை அழுத்தும், சாப்பிடும் முன் தளர்த்திக்கொள்ளுங்கள். புகை பிடிப்பவர்கள் விட்டால் பலன் தெரியும்.

காரம், காபி, தக்காளி, சாக்லேட் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ஒவ்வொன்றாக இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் காரம் ஒன்றும் செய்யவில்லை, வெறும் வயிற்றுக் காபிதான் எதிரியாக இருந்தது. வீட்டு வைத்தியத்தில் பால் முதல் பத்து நிமிடம் குளிர்ச்சி தந்துவிட்டுப் பிறகு சுரப்பைத் தூண்டும். புதினா அந்தத் தசை வளையத்தைத் தளர்த்தக்கூடியது, வயிற்றுக்கு நல்லது என்று நம்பிச் சாப்பிட்டு எரிச்சலை வாங்கிக்கொள்ளாதீர்கள். சீரகத் தண்ணீர் பிடித்தால் குடியுங்கள், கெடுதல் இல்லை, அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

யாருக்கு ஏற்றது: எல்லோருக்கும், ராத்திரி எரிச்சல்காரர்களுக்கு முதலில். புண் இருப்பவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து, மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

## அறுவை சிகிச்சை

இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்து அந்தத் தசை வளையத்தை இறுக்குவது. 1950-களில் ருடால்ஃப் நிஸ்ஸன் தொடங்கியது, இப்போது லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். பெரிய ஹெர்னியா இருப்பவர்களுக்கும், மாத்திரையில் எரிச்சல் அடங்கியும் திரவம் தொண்டை வரை வந்து தூக்கத்தைக் கெடுப்பவர்களுக்கும் இது நல்ல வழி. மாத்திரை துளிகூடக் கேட்காதவர்களுக்கு அவ்வளவு நல்லதில்லை, ஏனென்றால் அவர்களில் பலருக்கு நோய் வேறாக இருக்கும். அதனால்தான் செய்வதற்கு முன் 24 மணி நேர ஆசிட் அளவீடும், உணவுக்குழாய் அழுத்தப் பரிசோதனையும் கேட்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தேதி கொடுத்தால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

வாழ்நாளுக்கும் தீர்வு என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 2017-ல் வெளியான ஆய்வில் சுமார் 18 சதவீதம் பேருக்குத் தொல்லை திரும்பியிருந்தது. சிலருக்கு ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பிக்கொள்கிறது. தனியார் மருத்துவமனையில் செலவு லட்சத்தைத் தாண்டும்.

## கேட்டவர்களுக்கு

மூன்று வருடமாகப் பான் போடுகிறவருக்கு: ஆபத்தான அறிகுறி இல்லை, புண் இல்லை என்று தெரிந்தால் முதல் மாதம் மாத்திரையை இப்போது போடுகிறபடியே தொடருங்கள், சாப்பாட்டு நேரத்தையும் கட்டிலையும் மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் மாதம் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அளவைக் குறைக்கத் தொடங்குங்கள். அம்லோடிபின் மாதிரி ரத்த அழுத்த மாத்திரையும் உணவுக்குழாய்த் தசை வளையத்தைத் தளர்த்தலாம் என்பதால் உங்கள் மாத்திரைகள் அத்தனையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

காலையில் தைராய்டு மாத்திரையும் போடுகிறவர்கள், கேஸ் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பலருக்கு அது ஒத்துவருகிறது.

ஈனோவை நம்பியிருப்பவர் எட்டு வாரம் மாத்திரையை முறையாகப் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. அப்படியும் கேட்கவில்லை என்றால் எண்டோஸ்கோபி.

என் அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டும் போடுகிறார். நான் மாத்திரையை விட்டதைப் பார்த்து, "நீயே விட்டுட்டே, எனக்கு மட்டும் எதுக்குடா இது?" என்று அவரும் நிறுத்தப் போனார். இதய மருத்துவரிடம் கேட்டோம். ரத்தம் உறையாமல் வைக்கும் அந்த இரண்டு மாத்திரைகளும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், அதைத் தடுக்கத்தான் இது, விடக் கூடாது என்றார். ஒமெப்ரசோல் க்ளோபிடோக்ரலின் வேலையைக் கெடுக்கும் என்பதால்தான் பார்த்துப் பான்டோபிரசோல் எழுதியிருப்பதாகவும் சொன்னார். அம்மா இப்போதும் காலையில் இட்லிக்கு அரை மணி நேரம் முன்னால் அதைப் போடுகிறார்.